சோமர்ஃபெல்டு என்னும் ஆசான்

ஆசிரியரின் பெருமையை அவர் பெற்ற பரிசுகளால் அளப்பதா, அவர்தம் மாணாக்கர் பெற்ற பரிசுகளால் அளப்பதா என்னும் வினா எழும்போதெல்லாம் நம் நினைவில் வந்து நிற்பவர் ஜெர்மானிய இயற்பியலறிஞர் ஆர்னோல்டு சோமர்ஃபெல்டு ஆவார்.

1868இல் பிறந்த இவர், 1906 முதல் மியூனிக் பல்கலைக்கழகத்தில் கோட்பாட்டு இயற்பியல் பேராசிரியராக விளங்கினார். டெபை, பவுலி, ஹைசன்பர்க், பெத்தே ஆகிய நால்வரும் இவரிடம் முனைவர் பட்டம் பெற்றோர்; பின்னர் நால்வரும் நோபல் பரிசும் பெற்றனர். ஆசானின் பெயரோ எண்பது முறைக்கு மேல் முன்மொழியப்பட்டும் அப்பரிசு அவரை நாடி வரவில்லை. சார்புக் கொள்கை குறித்துக் கலைக்களஞ்சியத்திற்குத் தாம் எழுதவேண்டிய கட்டுரையை, இருபதை ஒட்டிய அகவையினரான பவுலியிடம் ஒப்படைத்த உள்ளம் அவருடையது.

நம் மண்ணோடு தொடர்புடைய நிகழ்ச்சியொன்றும் உண்டு. 1928இல் உலகப் பயணம் மேற்கொண்ட சோமர்ஃபெல்டு சென்னை மாநிலக் கல்லூரியில் உரையாற்றினார். அங்கு இளங்கலை பயின்ற சந்திரசேகர், அணு அமைப்பும் நிறமாலைக் கோடுகளும் பற்றிய அவரது நூலைத் தாமே கற்றிருந்தார்; அந்தத் துணிவில் அவர் தங்கியிருந்த விடுதிக்கே சென்று கண்டார். அந்நூல் வந்தபின் இயற்பியலே மாறிவிட்டது என்று நூலாசிரியரே எடுத்துரைத்தபோது மாணவர் திகைத்துப் போனார். சோமர்ஃபெல்டு அத்துடன் விட்டுவிடவில்லை. புதிய குவாண்டம் கொள்கையை விளக்கி, உலோகங்களில் எலெக்ட்ரான்கள் பற்றிய தம் கட்டுரையின் அச்சு மெய்ப்புகளையும் கையில் கொடுத்தார். முன்பின் அறியாத மாணவனுக்கு இவ்வாறு தாள்களை எடுத்து நீட்ட நம்மில் எத்துணைப் பேருக்கு மனம் வரும்? அவற்றைக் கற்றுச் சந்திரசேகர் எழுதிய ஆய்வுரை 1929இல் இலண்டன் ராயல் சொசைட்டி இதழில் வெளியாயிற்று. அவருக்கு நோபல் பரிசு 1983இல் கிடைத்தது.

முதுமையில் சோமர்ஃபெல்டுக்கு நேர்ந்த துயர் பெரிது. தமக்குப்பின் அவ்விருக்கையில் ஹைசன்பர்க் அமரவேண்டுமென விரும்பினார். சார்புக் கொள்கையை யூதர் இயற்பியல் எனப் பழித்த நாஜிகள் அதனைத் தடுத்தனர். 1939இல் அவ்விடம் கோட்பாட்டு இயற்பியல் அறியாத ஒருவருக்குச் சென்றது.

கற்பித்தற் பணிக்காக அமெரிக்க இயற்பியல் ஆசிரியர் கழகம் வழங்கும் அர்ஸ்டெட் பதக்கம், 1948ஆம் ஆண்டுக்கு இவருக்கு அளிக்கப்பெற்றது. 1951இல் பேரக்குழந்தைகளுடன் உலவச் சென்றபோது வண்டி மோதிக் காயமுற்று, ஏப்ரல் 26இல் மறைந்தார். தம் விரிவுரைகளைத் தொகுத்து அவர் எழுதிவந்த நூல்வரிசையில் வெப்ப இயக்கவியல் முற்றுப்பெறாது நின்றது. அதனை அவருடைய பழைய மாணவர் மைக்ஸ்னரும், அவ்விருக்கையில் பின்னாளில் அமர்ந்த போப்பும் நிறைவு செய்து வெளியிட்டனர்.