ஹென்றி மோட்ஸ்லி

ஹென்றி மோட்ஸ்லி (ஆகஸ்ட் 22, 1771 – பெப்ரவரி 14, 1831) இங்கிலாந்தைச் சேர்ந்த இயந்திரப் பொறியாளர் ஆவார். உலோகத்தில் திருகு புரிகளைத் துல்லியமாக வெட்டும் கடைசல் பொறியை (லேத்) நடைமுறைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தவர் என இவர் அறியப்படுகிறார். 1800ஆம் ஆண்டளவில் இவர் அமைத்த சிறிய கடைசல் பொறி லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது.

இளமை

மோட்ஸ்லி லண்டனுக்கு அருகில் இருந்த வூல்விச்சில் பிறந்தார். இவரது தந்தை படையில் பணியாற்றிக் காயமடைந்தவர். பின்னர் வூல்விச் ஆயுதச் சாலையில் வேலை பார்த்தார். மோட்ஸ்லியும் 12ஆம் அகவையில் அதே ஆயுதச் சாலையில் வெடிமருந்து உறைகளை நிரப்பும் வேலையில் சேர்ந்தார். பின்பு தச்சுப் பட்டறைக்கும், 15ஆம் அகவையில் கொல்லுப் பட்டறைக்கும் மாற்றப்பட்டார். இரும்பு வேலையில் இவருடைய கைத்திறன் விரைவில் பெயர் பெற்றது.

பிராமாவின் பட்டறை

பூட்டுத் தயாரிப்பாளரான ஜோசப் பிராமா, 1789இல் மோட்ஸ்லியைத் தம் பட்டறையில் சேர்த்துக்கொண்டார். பிராமாவின் பூட்டு திறப்பதற்கு மிகக் கடினமானது. ஆனால் அதன் உறுப்புகளைக் கையால் செய்வது பெருஞ்செலவாக இருந்தது. அவற்றைச் செய்வதற்கென மோட்ஸ்லி தனிப் பொறிகளை அமைத்தார். இவர் செய்த பூட்டு ஒன்று, திறப்பவருக்கு 200 கினி பரிசு என்ற அறிவிப்புடன் கடையின் சாளரத்தில் வைக்கப்பட்டது. 1851இல் அமெரிக்கரான ஆல்ஃபிரட் ஹாப்ஸ் 16 நாட்களில் மொத்தம் 51 மணிநேரம் செலவிட்டு அதைத் திறக்கும் வரை ஒருவராலும் திறக்க இயலவில்லை.

1791இல் பிராமாவின் வீட்டுப் பணிப்பெண்ணான சாரா டிண்டலை மோட்ஸ்லி மணந்தார். இவர்களுக்கு நான்கு ஆண்மக்கள் பிறந்தனர். வாரம் 30 ஷில்லிங் சம்பளம் குடும்பத்துக்குப் போதவில்லை. 1797இல் கேட்ட சம்பள உயர்வு மறுக்கப்பட்டதால் வேலையை விட்டு விலகி, லண்டனில் சொந்தப் பட்டறை தொடங்கினார்.

திருகு வெட்டும் கடைசல் பொறி

தமிழ்நாட்டில் மரப்பொம்மைகளையும் கட்டில் கால்களையும் கடைவோர் உளியைக் கையில் பிடித்தே கடைவது வழக்கம். அக்கால ஐரோப்பாவில் உலோகமும் பெரும்பாலும் அவ்வாறே கடையப்பட்டது. ஆகவே வேலையின் துல்லியம் தொழிலாளியின் கை நடுங்காமல் இருப்பதைப் பொறுத்திருந்தது. திருகாணியும் நட்டும் ஒன்றுக்கொன்று பொருத்தி இணையாகச் செய்யப்பட்டன. ஒரு திருகாணியின் நட்டு மற்றொன்றுக்குப் பொருந்தாது. பெரிய இயந்திரத்தைக் கழற்றுபவர் எந்த நட்டு எதற்குரியது எனக் குறித்து வைக்க வேண்டியிருந்தது.

மோட்ஸ்லியின் பொறியில் வெட்டும் உளி ஒரு நகரும் தாங்கியில் இறுகப் பூட்டப்பட்டது. நீண்ட செலுத்து திருகு ஒன்று அத்தாங்கியை நகர்த்தியது. கடையப்படும் தண்டும் செலுத்து திருகும் பல்சக்கரங்களால் இணைக்கப்பட்டிருந்தன. சான்றாக, செலுத்து திருகில் அங்குலத்துக்கு 8 புரிகள் உள்ளன என்க. அது ஒரு முறை சுழலும்போது தண்டு இரு முறை சுழன்றால், தண்டில் அங்குலத்துக்கு 16 புரிகள் விழும். சக்கரங்களை மாற்றினால் புரிகளின் எண்ணிக்கையும் மாறும். இதனால் ஒரே நல்ல திருகிலிருந்து பலவகைத் திருகுகளை எத்தனை முறை வேண்டுமானாலும் ஒரே அளவில் வெட்ட முடிந்தது.

இதன் உறுப்புகள் அனைத்தும் மோட்ஸ்லியின் கண்டுபிடிப்புகள் அல்ல. பிரான்சில் வோகான்சோனும் இங்கிலாந்தில் ஜெசி ராம்ஸ்டெனும் இத்தகைய அமைப்புகளை முன்னரே செய்திருந்தனர். அவற்றை உறுதியான உலோக உடலில் ஒன்றிணைத்து, அன்றாடப் பட்டறை வேலைக்கு ஏற்றதாக ஆக்கியதே மோட்ஸ்லியின் பங்களிப்பு.

கப்பிப் பொறிகள்

பாய்மரப் போர்க்கப்பல் ஒன்றுக்கு ஏறத்தாழ ஆயிரம் மரக் கப்பிகள் தேவைப்பட்டன. பிரான்சில் பிறந்த மார்க் புரூனல் அவற்றை இயந்திரத்தால் செய்யும் திட்டத்தை வகுத்தார். அதற்கான நாற்பதுக்கும் மேற்பட்ட பொறிகளை 1802 முதல் 1808 வரை மோட்ஸ்லி செய்து தந்தார். போர்ட்ஸ்மத் கப்பல் தளத்தில் அமைந்த இவை 1808இல் 1,30,000 கப்பிகளைத் தந்தன. 110 கைவினைஞர் செய்த வேலையை, தேர்ச்சி பெறாத 10 பேர் செய்தனர். கைத்திறனால் உயர்ந்த ஒருவரின் பொறிகளே கைவினைஞரின் தேவையைக் குறைத்தன.

துல்லியமும் மாணவர்களும்

1810இல் பட்டறை லாம்பெத் பகுதிக்கு மாறியது. அங்கே நீராவி இயந்திரங்கள் செய்யப்பட்டன. 1825இல் இங்கிலாந்திலிருந்து கல்கத்தா வந்த என்டர்பிரைஸ் என்ற நீராவிக் கப்பலின் இயந்திரங்களும் இவருடைய நிறுவனத்தில் செய்யப்பட்டவையே. அங்குலத்தின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வரை அளக்கும் அளவுகருவி ஒன்றையும் இவர் செய்தார். பட்டறையில் அளவு பற்றிய எவ்வழக்குக்கும் அதுவே இறுதித் தீர்ப்பு என்பதால், அக்காலத்தில் இங்கிலாந்தின் உயர் நீதிப் பதவியாக இருந்த லார்ட் சான்சலர் என்பதே அதன் பெயராயிற்று.

ரிச்சர்ட் ராபர்ட்ஸ், ஜோசப் கிளெமென்ட், ஜேம்ஸ் நாஸ்மித், ஜோசப் விட்வொர்த் ஆகியோர் இவரிடம் பணியாற்றியவர்கள். பட்டறைக்குப் பட்டறை மாறுபட்ட புரி அளவுகளுக்குப் பொதுத் தரம் ஒன்றை 1841இல் விட்வொர்த் முன்மொழிந்தார்.

இறுதிக்காலம்

இறுதிக்காலத்தில் மோட்ஸ்லி வானியலில் ஆர்வம் கொண்டு தொலைநோக்கி செய்யத் தொடங்கினார். பிரான்சில் நண்பரைப் பார்த்துத் திரும்பும் கடல் பயணத்தில் குளிர் தாக்கி நோயுற்று, 59ஆம் அகவையில் இறந்தார். வூல்விச்சில் இவரே வடிவமைத்திருந்த வார்ப்பிரும்புக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

சிறு கடைசல் பொறிகளில் தொடர்ச்சி

பொழுதுபோக்காக உலோக வேலை செய்வோர் பேணும் பழைய சிறு கடைசல் பொறிகளிலும் இவ்வமைப்பைக் காணலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தில் வெளிவந்த மைஃபோர்டு எம்.எல்.7 இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. சக்கரங்களைக் கையால் மாற்றும் வகைகளில் வேண்டிய புரிக்குரிய சக்கரங்களை உரிமையாளரே கணக்கிட்டுப் பொருத்துகிறார். சிறு வேலைகள் பெரும்பாலும் தண்டைச் சுழற்றும் முனைக்கு அருகிலேயே நடப்பதால் படுகையும் செலுத்து திருகும் அவ்விடத்திலேயே அதிகம் தேய்கின்றன. பழைய பொறியை வாங்குவோர் முதலில் சோதிப்பது அப்பகுதியையே. அங்கே திருகு தேய்ந்திருந்தால், அது வெட்டும் ஒவ்வொரு திருகிலும் அப்பிழை பதியும்.