மஹாத்மாவின் குரலுக்குக் கம்பி கட்டியவர்

1921-ஆம் வருஷம் செப்டம்பர் 17-ந் தேதி மஹாத்மா காந்தி கடலூருக்கு விஜயம் செய்தார். மௌலானா முகம்மதலி வால்டேரில் கைதாகி மூன்று தினங்களே ஆகியிருந்தன. தேசம் கொதிப்படைந்திருந்த சமயம். 1927 செப்டம்பரில் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் அவர் மறுபடியும் வந்தார். 1934 பிப்ரவரியில் ஹரிஜன யாத்திரை அவரை இப்பக்கம் மீண்டும் அழைத்து வந்தது. இந்த விஜயங்களைப் பற்றி நம் ஜில்லாவில் கதைகள் பல வழங்குகின்றன. கடலூர் அஞ்சலையம்மாள் முகத்திரையிட்டுக் குதிரை வண்டியில் வந்து அவரைக் கண்ட கதையை அறியாதார் சிலரே. ஆயினும், கூட்டத்தின் கடைசி வரிசையில் நின்ற உழவனின் காதில் மஹாத்மாவின் வார்த்தை ஒன்றேனும் விழுந்ததா என்று எவரும் கேட்பதில்லை. அதை நாம் கேட்க விரும்புகிறோம்.

மஹாத்மா சிங்கம்போல் கர்ஜிக்கும் பிரசங்கியல்லர். மெல்லிய குரலில், சொல்லை நிறுத்தி நிறுத்திப் பேசுவது அவர் வழக்கம். திறந்த வெளியிலோ, தூரம் இரு மடங்கானால் ஒலியின் வலிமை நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். இது இயற்கை விதி. போதாக்குறைக்கு மொழிபெயர்ப்பு வேறு நடக்க வேண்டும். 1927-இல் தமிழ்நாட்டுச் சுற்றுப்பயணம் முழுவதும் ராஜாஜி உடன் சென்றதற்கு அதுவும் ஒரு காரணம். சிதம்பரத்துக் கீழ வீதியில் நின்று பேசுகிறவர் தெற்கு வீதி திரும்பினால் கேட்கமாட்டார். ஆகவே ஆயிரக்கணக்கானோர் கண்டார்கள், கும்பிட்டார்கள், வீடு திரும்பினார்கள். தரிசனம் கிடைத்தது, உபதேசம் முன்வரிசையோடு நின்றது. ஜனங்கள் தலைவரின் நியாயத்தைக் கேட்டு, எடை போட்டு, ஒப்புக்கொண்டாலன்றோ அது ஜனநாயகம்? காணிக்கை செலுத்துவதற்குக் கூடும் கூட்டத்துக்கும் ஸ்வராஜ்யத்துக்கும் வெகு தூரம்.

இந்தக் குறையைத் தீர்ப்பதைத் தம் தொழிலாகவும் விரதமாகவும் ஏற்றவர் நானிக் மோட்வானி. சிந்து தேசத்தவர். அவருடைய தந்தை ஞான்சந்த் மோட்வானி 1909-இல் சுக்கூர் நகரில் ஒரு சிறு மின்சாரச் சாமான் வியாபாரத்தைத் துவக்கினார். 1912-இல் அது கராச்சிக்குச் சென்றது, 1919-இல் பம்பாய்க்கு. அமெரிக்க டெலிபோன் கருவிகளை விற்றதால் சிக்காகோ என்ற பெயர் அதனுடன் ஒட்டிக்கொண்டது. பின்னாளில் சிக்காகோ ரேடியோ என்றால் ஒலிபெருக்கி, ஒலிபெருக்கி என்றால் சிக்காகோ ரேடியோ என்னும்படி ஆயிற்று. பெயர் அந்நியமானது, உழைப்பு சுதேசியமானது.

1929-இல் ஒரு கூட்டத்தில் மஹாத்மா தம் பேச்சை அனைவரும் கேட்கும்பொருட்டு மேடை விட்டு மேடை மாறிச் சிரமப்பட்டதை இளைஞர் நானிக் கண்டாராம். அன்றே இதற்கு வழி காண்பதென்று தீர்மானித்தாராம். அக்குடும்பத்தார் கூறும் வரலாறு இது. 1931 மார்ச்சில் கராச்சி காங்கிரஸ் கூடியபோது அந்தத் தீர்மானம் செயலாயிற்று.

கராச்சி மகாநாடு எத்தகைய சூழலில் நடந்ததென்பதை வாசகர்கள் நினைவு கூர்வார்களாக. பகத் சிங்கும் அவர் தோழர் இருவரும் மார்ச் 23-ந் தேதி லாகூரில் தூக்கிலிடப்பட்டனர். சில தினங்களுக்குள் மகாநாடு. மஹாத்மாவை வாலிபர்கள் கறுப்புக் கொடியுடன் எதிர்கொண்டனர். இர்வின் ஒப்பந்தத்தை அவர் அந்தக் கோபத்தின் நடுவே விளக்கியாக வேண்டும். வல்லபாய் படேல் தலைமை வகித்தார். அடிப்படை உரிமைகளைப் பற்றிய தீர்மானம் வர இருந்தது. வார்த்தை பாதி கேட்டு பாதி கேளாமற் போயிருந்தால் என்ன விபரீதம் நேர்ந்திருக்குமோ! அங்கே மோட்வானியின் குழல்கள் பேசின. தீர்மானங்கள் நிறைவேறியதற்கு அவையே காரணமென்று கூற நாம் துணியோம். ஆனால் எதிர்த்தவனும் எதை எதிர்க்கிறோமென்று கேட்டறிந்து எதிர்த்தான். அது சிறிய காரியமன்று.

இந்த வேலையின் கஷ்டத்தை மேடையில் அமர்ந்தவர்கள் பெரும்பாலும் அறிந்ததில்லை. மைக்கின் முன் எழும் ஒலி, மின்சாரத்தில் மிக நுண்ணிய அசைவாக மாறுகிறது. வால்வுகள் அதைப் படிப்படியாய்ப் பெருக்குகின்றன. குழலின் அடியிலுள்ள மெல்லிய தகடு அதை மீண்டும் ஒலியாக்குகிறது. சொல்வது எளிது. குழலின் ஒலி மைக்குக்குள் திரும்பப் புகுந்தால் கருவி ஊளையிடத் துவங்கும். ஆகையால் குழல்கள் மேடைக்கு முன்னே, ஜனங்களை நோக்கி நிற்கவேண்டும். கம்பி நீண்டால் வழியிலேயே சக்தி வீணாகும். அதற்காக டிரான்ஸ்பார்மரால் அழுத்தத்தை உயர்த்தி அனுப்பி, குழலருகே மறுபடி தாழ்த்த வேண்டும். மின்சாரம் எட்டாத ஊர்களில் பாட்டரிகளைச் சுமந்து செல்ல வேண்டும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டரே செல்லும். மின்சாரமோ கம்பியில் கண்ணிமைக்கும் முன் சென்றுவிடும். மேடையருகே ஒரு குழலும் 100 மீட்டருக்கு அப்பால் மற்றொன்றும் இருந்தால், தூரத்துக் குழலின் கீழ் நிற்பவனுக்கு ஒரே சொல் இருமுறை கேட்கும். இரண்டுக்கும் இடையே விநாடியில் மூன்றில் ஒரு பங்கு. பேச்சு அப்படியே குழம்பிவிடும். ஒவ்வொரு குழலின் ஒலியையும் அதனதன் எல்லைக்குள் அடக்கினாலொழிய இது தீராது. இதைக் கணக்கில் மட்டும் பார்த்துத் தீர்க்க முடியாது. ஒருவர் மைக்கின் முன் எண்ணிக்கொண்டே நிற்க, மற்றொருவர் மைதானத்தின் கடைக்கோடி வரை நடந்து நடந்து கேட்டு வரவேண்டும். கூட்டம் வருமுன் காலி மைதானத்தில் நடக்கும் சோதனை இது. மாலையில் பதினாயிரம் உடல்கள் வந்து நின்று ஒலியை விழுங்கும்போது காலைக் கணக்கு பொய்யாகும் என்பதையும் எண்ணித்தான் அதைச் செய்யவேண்டும்.

கராச்சிக்குப் பின் வருஷாவருஷம் காங்கிரஸ் மகாநாடுகளுக்கு மோட்வானி தம் சொந்தச் செலவில் கருவிகளையும் ஆட்களையும் அனுப்பினார். அந்நியக் கருவிகளை விற்கத் துவங்கிய ஸ்தாபனம் காலக்கிரமத்தில் தன் தொழிற்சாலையிலேயே ஒலிபெருக்கிகளைச் செய்தது. வியாபாரிக்கு இதில் லாபமில்லையா என்று கேட்பவர் உண்டு. இருந்தது, ஏன் இல்லை? தலைவர்களின் புகைப்படங்களில் மைக்கின் மேல் சிக்காகோ ரேடியோ என்ற பலகை பளிச்சென்று தெரிகிறது. தேசத்தில் அதைவிடச் சிறந்த விளம்பரம் எவருக்கும் கிடைத்ததில்லை. ஆனால் அதே பலகை சர்க்காரின் கண்ணிலும் பட்டது. ஆட்சியை எதிர்க்கும் மேடையில் தன் பெயரைப் பகிரங்கமாக எழுதி வைத்த வியாபாரிகள் அந்நாளில் எத்தனை பேர்? வரவையும் அபாயத்தையும் ஒருங்கே ஏற்றவரை வெறும் வியாபாரி என்று ஒதுக்குவது நமக்குச் சம்மதமன்று.

அந்த அபாயம் 1942-இல் வந்தது. ஆகஸ்டு 8-ந் தேதி பம்பாய் கோவாலியா குளத்து மைதானத்தில் வெள்ளையனே வெளியேறு தீர்மானம் நிறைவேறியது. மறுநாள் விடியுமுன் தலைவர்கள் சிறையில். பத்திரிகைகளின் வாய் கட்டப்பட்டது. அம்மாத இறுதியில் உஷா மேத்தா என்ற கல்லூரி மாணவியும் தோழர்களும் காங்கிரஸ் ரேடியோ என்னும் இரகசிய ஒலிபரப்பைத் துவக்கி, போலீசாருக்குத் தப்ப வீடு வீடாய் மாற்றி நடத்தினர். அவர்களுக்குக் கருவிகளையும் தொழில் தெரிந்த ஆட்களையும் அளித்தவர் நானிக் மோட்வானி. ஆகஸ்டுக் கூட்டத்து நடவடிக்கைகளின் ஒலிப்பதிவும் அவரிடமிருந்தே சென்றது. பத்து வருஷங்களாக மைதானத்தின் கடைக்கோடி வரை குரலைக் கொண்டுசென்றவர், மைதானமே பூட்டப்பட்டபின் ஆகாயத்தின் வழியே அனுப்ப உதவினார்.

நவம்பர் 12-ந் தேதி போலீசார் ஒலிபரப்பிடத்தைப் பிடித்தனர். ஒலிபரப்புக் கருவியைக் கட்டித் தந்தவரே வழிகாட்டியாகப் போனார் என்பது வெட்கத்துக்குரிய செய்தி. 1943-இல் வழக்கு முடிந்தபோது பாபுபாய் கக்கருக்கு 5 வருஷம், உஷா மேத்தாவுக்கு 4 வருஷம், சந்திரகாந்த் ஜவேரிக்கு ஒரு வருஷம் சிறை விதிக்கப்பட்டது. மோட்வானியும் மற்றொருவரும் விடுதலையாயினர். உஷா மேத்தா வெளிவந்தது 1946-இல்.

ஸ்வராஜ்யம் வந்த பின்னும் காங்கிரஸ் பந்தல்களில் மோட்வானியின் குழல்கள் தொங்கின. அவர் மறைந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. பண்டித நேருவும் மஹாத்மாவும் மைக்கின் முன் நிற்கும் படங்களைப் பார்ப்போர் அந்தப் பலகையைப் படிக்கலாம். கம்பியைச் சுமந்து மைதானத்தின் கடைக்கோடிக்கு நடந்த ஆட்கள் மட்டும் எந்தப் படத்திலும் இல்லை. கூட்டம் துவங்கும் வேளையில் அவர்கள் நின்ற இடம் கடைசி வரிசைக்கும் அப்பால்.