தஞ்சை வேதநாயக சாஸ்திரியார்

வேதநாயகம் என்ற பெயரைச் சொன்னவுடன் நம்மவரிற் பலருக்குப் பிரதாப முதலியார் சரித்திரம் எழுதிய மாயூரம் முன்சீபு வேதநாயகம் பிள்ளையவர்களே நினைவுக்கு வருவார். யான் ஈண்டு எழுதப் புகுந்தது அவரைப் பற்றியன்று. அவர் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே பிறந்து, தஞ்சையில் வாழ்ந்து, கிறிஸ்தவ சமயத்தைத் தமிழ்ப் பாட்டிலே தோய்த்துக் கொடுத்த மற்றொரு வேதநாயகரைப் பற்றியது. சரக்குப் புத்தகத்திலே கணக்கெழுதிப் பழகிய என் கைக்கு இது சற்றுப் பெரிய வேலை. எனினும், மலர்க் குழுவினர் இட்ட கட்டளையைத் தட்ட மனம் வரவில்லை.

சாஸ்திரியார் 1774-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் திருநெல்வேலியிலே பிறந்தார். தந்தையார் அருணாசலம் பிள்ளை, சைவ வேளாளர், தமிழறிவு நிரம்பியவர். நடுவயதுக்கு முன்னரே கத்தோலிக்க சமயத்தைத் தழுவித் தேவசகாயம் என்ற பெயர் பூண்டார். பின்னர்ச் சீர்திருத்தச் சபையைச் சார்ந்தார். அக்காலத்திலே குலசமயத்தை விடுவது உற்றாரையும் ஊராரையும் ஒருங்கே விடுவதற்குச் சமானம். நீறணிந்து வந்த ஒரு பரம்பரையின் வாயிலை அடைத்துவிட்டு, இனி வரப்போகும் பரம்பரைக்குத் தாமே முதல்வராய் நின்றார் அவர். ஆயினும், ஒன்றை மட்டும் அவர் விடவில்லை, அது தமிழ். மகன் பெற்ற சொத்து அதுவே.

ஜெர்மனியிலே பிறந்து 1750-இல் தரங்கம்பாடி வந்திறங்கிய சுவார்ட்ஸ் ஐயர், அப்போது தஞ்சையிலே பெரும் மதிப்புடன் விளங்கினார். அவர் நெல்லைச் சீமைக்கு வந்தபோது, தாயை இழந்திருந்த இச்சிறுவனின் கூர்மையைக் கண்டு, தந்தையாரிடம் கேட்டுத் தம்முடன் அழைத்துச் சென்றார். பையனுக்கு அப்பொழுது பன்னிரண்டு வயதளவு இருக்கும். ஒரே ஆண்மகனைத் தூரதேசத்துக்கு அனுப்பிவிட்டுத் திண்ணையிலே அமர்ந்திருந்த அத்தந்தையின் நிலையை, பிழைப்பை நாடி ஊரைவிட்டு வந்த நம்மைப் போன்றோரின் பெற்றோர் நன்கு அறிவர்.

தஞ்சையிலே கிடைத்த தோழமையோ அபூர்வமானது. துளஜா மகாராஜா சுவீகாரம் செய்துகொண்ட சரபோஜியும் சுவார்ட்ஸ் ஐயரின் பொறுப்பிலே கல்வி கற்றவர். அரசகுமாரரும் வேதநாயகமும் ஒரே ஆசிரியரின் மாணவர்களாயினர். பின்னர் வேதநாயகம் தரங்கம்பாடி சென்று சமய சாஸ்திரத்தோடு வான நூல், உடற்கூறு முதலிய மேனாட்டுக் கலைகளையும் கற்றுத் திரும்பி, இருபது வயதை ஒட்டித் தஞ்சைப் பாடசாலைக்குத் தலைமையாசிரியரானார். 1798-இல் சுவார்ட்ஸ் ஐயர் காலமானார். அவ்வாண்டே சரபோஜி அரியணை ஏறினார். குருவின் நினைவாக மன்னர் இங்கிலாந்துச் சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு செய்வித்த பளிங்குச் சிற்பத்தைத் தஞ்சைச் சுவார்ட்ஸ் ஆலயத்திலே இன்றும் காணலாம். சிஷ்யராகிய புலவர் செய்த நினைவுச் சின்னம் வேறு வகையது. அது பாட்டு.

1800-ஆம் ஆண்டிலே பெத்லகேம் குறவஞ்சி பிறந்தது. குறவஞ்சி என்றால் திருக்குற்றாலக் குறவஞ்சியை அறியாத தமிழர் உளரோ? தலைவி உலாவரும் தலைவனைக் கண்டு காதலுறுவாள். குறத்தி வந்து குறி சொல்லுவாள். சிங்கன் பறவை பிடிப்பான். இந்தப் பழைய கட்டிடத்தைச் சாஸ்திரியார் இடிக்கவில்லை. உள்ளே வேறு விளக்கை ஏற்றினார். தலைவி தேவமோகினி, அதாவது திருச்சபை. தலைவன் பெத்லகேம் நாதன். குறி சொல்பவள் விசுவாசக் குறத்தி. ஞானச் சிங்கன் வலைவீசிப் பிடிப்பவை மனித ஆத்துமாக்கள். இவ்வளவிலும் நிற்காமல், சூரியனைச் சுற்றிக் கிரகங்கள் சுழல்கின்றன என்ற கோப்பர்னிக்கஸ் கொள்கையையும், பூமியிலுள்ள நாடுகளின் விவரங்களையும் அப்பாட்டிலேயே புகுத்திவிட்டார். பாடசாலை வாத்தியார் எங்கே போவார்! சில இடங்களில் கவி அயர்ந்து வாத்தியார் மட்டும் பேசுவதாகவே எனக்குத் தோன்றுகிறது, இரசிகர்கள் பொறுத்தருள்க.

எனக்கு மிகவும் பிடித்தவை அவருடைய எளிய பாடல்களே. எங்கள் கிராமத்திலே சிறுவயதில் ஏற்றம் இறைப்பதைப் பார்த்திருக்கிறேன். மேலே ஏற்றமரத்தில் ஒருவர் முன்னும் பின்னும் நடப்பார். கீழே ஒருவர் சாலைக் கவிழ்ப்பார். எண்ணிக்கை தப்பாதிருக்கப் பாட்டு ஓடிக்கொண்டேயிருக்கும். அந்த மெட்டை எடுத்து ஞான ஏற்றப்பாட்டு செய்தார் சாஸ்திரியார். பெண்கள் கொட்டும் கும்மியிலே சாஸ்திரக் கும்மி பாடிச் சகுனம் பார்ப்பது போன்ற மூட வழக்கங்களைச் சாடினார். தச்சர் தொழிலை வைத்து ஞானத்தச்ச நாடகமும், நொண்டி நாடக வழியிலே ஞான நொண்டி நாடகமும் இயற்றினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் உடுத்திக் களைந்து வைக்கும் அங்கியாகத் தம் சமயத்தை அவர் கருதவில்லை என்பதற்கு இவற்றினும் வேறு சான்று வேண்டுமோ?

அரண்மனைத் தோழமைக்கும் ஒரு சோதனை வந்தது. சரபோஜி மன்னர் தம் வழிபடு தெய்வத்தின் மீது பாடித் தருமாறு கேட்டதாகவும், சாஸ்திரியார் பணிவோடு மறுத்துவிட்டதாகவும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அரசன் மனம் நோகுமென்று அஞ்சிய வீட்டாருக்கு அன்றிரவு உறக்கம் வந்திருக்குமா? ஆனால், மன்னர் பெருந்தன்மையுடையவர், நட்பு முறியவில்லை. மறுத்தவரின் உறுதி ஒருபுறமிருக்க, மறுக்கப்பட்டும் பகை பாராட்டாத அரசரையும் நாம் போற்றவேண்டும்.

உண்மையான அடி வந்தது அரண்மனையிலிருந்தன்று, சொந்தச் சபையிலிருந்துதான். சுவார்ட்ஸ் ஐயரின் காலத்துக்குப் பின் வந்த புதிய பாதிரிமார்கள், பெப்ரீசியுஸ் ஐயரின் பழைய வேதாகம மொழிபெயர்ப்பை மாற்ற முற்பட்டனர்; ஆராதனையிலே தமிழ்க் கீர்த்தனங்களைத் தடுத்தனர்; திருமணத்திலும் சாவிலும் பூவணிவதை விலக்கினர்; ஆலயத்திலே சாதிவாரியாகத் தனித்து அமர்வதையும் ஒழிக்க முயன்றனர். இந்நான்கையும் சாஸ்திரியார் கொடுமைகள் என்றே எழுதி வாதாடினார். பாட்டையும் பூவையும் பற்றிய அவருடைய வாதம் நியாயமானது; தமிழனாய்ப் பிறந்தவன் தமிழிலே பாடாமல் வேறெதிலே பாடுவான்? ஆனால், சாதி இருக்கை விஷயத்திலே யான் அவர் பக்கம் நிற்க இயலாது. அதைக் குலவழக்கம் என்று அவர் காத்தார். தந்தையார் குலசமயத்தையே விட்டுவந்தவர் என்பதை நினைத்தால் வியப்பே மேலிடுகிறது. ஒரு பரம்பரையிலிருந்து எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்பதிலே பெரியோரும் இடறுகிறார்கள்.

1829-இல் அவர் வேலையினின்றும் நீக்கப்பட்டார். வயது ஐம்பத்தைந்து, வேறு சம்பாத்தியம் இல்லை. நம்மவரில் ஓய்வூதியத்தை எண்ணி நாட்களைக் கழிப்போர் இதன் கடுமையை உணர்வர். அந்நாளில் கை கொடுத்தவர் யார்? தம் தெய்வத்தைப் பாட மறுக்கப்பெற்ற அதே சரபோஜி மன்னர்! பழைய தோழரை அவைப்புலவராக ஏற்று ஆதரித்தார். 1832-இல் மன்னர் மறைந்தபின் குடும்பத்திலே வறுமை புகுந்தது. சாஸ்திரியார் பல ஊர்களுக்கும் சென்று தம் பாடல்களைப் பாடிப் பிரசங்கித்தார். மகளாக வளர்ந்த ஞானதீபம் அம்மையாரும் அப்பாடல்களைப் பாடுவதிலே வல்லவராயிருந்தார். 1864-ஆம் ஆண்டு ஜனவரி 24-ஆம் நாள், எண்பத்தொன்பதாம் வயதிலே தஞ்சையில் சாஸ்திரியார் காலமானார்.

அவர் வழித்தோன்றல்கள் தலைமுறை தலைமுறையாகச் சுவிசேஷ கவிராயர் என்ற பட்டத்தைத் தாங்கி, அவருடைய பாடல்களைக் காலட்சேபமாகப் பாடி வந்திருக்கின்றனர். நிலமும் வீடும் பாகம் பிரிக்கப்படும். பாட்டைப் பாகம் பிரிக்க முடியாதல்லவா?

எங்கள் ரயில்வே குடியிருப்பிலே அடுத்த வீட்டார் நெல்லைக் கிறிஸ்தவர்கள். சென்ற கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு அவர்கள் வீட்டில் கீர்த்தனம் பாடினார்கள். பத்து வயதுப் பேரன் இராகம் பிசகாமல் உடன்பாடுவதைக் கேட்டு, தமிழ் வாசிப்பானோ என்று பாட்டியம்மாளிடம் வினவினேன். அவர் பையன் கையிலிருந்த நோட்டை வாங்கிக் காட்டினார். பாட்டு முழுவதும் இந்தி எழுத்திலே எழுதப்பட்டிருந்தது. தாமே எழுத்துக் கூட்டி எழுதிக் கொடுத்ததாகச் சொன்னார். அதற்காக அறுபத்தெட்டாம் வயதில் இந்தி எழுத்துக் கற்றாராம்.