தாதியருக்குப் பள்ளிக்கூடம் தந்த புளோரன்ஸ் நைட்டிங்கேல்

புத்தாண்டு மலருக்கு யாராவது ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தரும்படி சங்கத்தார் கேட்டபோது, என் மனதில் முதலில் வந்த பெயர் புளோரன்ஸ் நைட்டிங்கேல்தான். நானும் ஒரு தாதி. பாரிசுக்கு வந்து முதலில் ஆஸ்பத்திரியில் நிலம் துடைத்தேன். பிறகு தாதி உதவியாளராக வேலை செய்தேன். அதற்குப் பிறகுதான் படித்து, தாதிக்குரிய அரச டிப்ளோமா எடுத்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கடை பிள்ளைகள் சிலரைத் தாதிக் கல்விக்கு ஆயத்தப்படுத்தி வருகிறேன். அந்தப் பிள்ளைகளுக்கு நான் அடிக்கடி சொல்கிற கதை இது. அவர்களைப் பெற்றவர்களும் ஒருமுறை வாசிக்கவேணும் என்பதற்காக இங்கே எழுதுகிறேன்.

ஊரில் படித்த காலத்தில் இந்த அம்மையாரைப் பற்றி எங்கள் எல்லாருக்கும் யாராவது சொல்லித் தந்திருப்பார்கள். கையில் விளக்கோடு இரவிலே காயக்காரரைப் பார்த்துக்கொண்டு போகிற ஒரு பெண்ணின் படமும் கண்ணுக்குள் நிற்கும். ஆனால் அவர் அந்தப் போர்க்கள ஆஸ்பத்திரியில் இருந்தது இரண்டு வருடத்துக்கும் குறைவான காலம். அவர் வாழ்ந்ததோ 90 வருடம். மிச்சக் காலத்தில் அவர் செய்த வேலைதான் என்னைப் போன்றவர்களுக்குச் சோறு போடுகிறது.

புளோரன்ஸ் 1820 ஆம் ஆண்டு மே மாதம் 12 ஆம் திகதி இத்தாலியில் பிறந்தார். பிறந்த நகரத்தின் பெயரையே பிள்ளைக்கு வைத்தார்கள். பெற்றோர் ஆங்கிலேயர், பெரிய பணக்காரர். தகப்பனார் தாமே இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் லத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு, சரித்திரம் எல்லாம் வீட்டிலேயே படிப்பித்தார். புளோரன்சுக்குக் கணக்கிலே தனிப் பிரியம். கடவுள் தன்னை ஒரு சேவைக்கு அழைக்கிறார் என்ற எண்ணம் 16 வயதிலேயே அவருக்கு வந்துவிட்டது. அது நோயாளரைப் பராமரிக்கும் சேவை என்று தெளிவாக இன்னும் சில வருடங்கள் சென்றன.

1845 இல், பக்கத்து ஊரான சோல்ஸ்பரியில் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சில மாதம் வேலை பழகப் போகிறேன் என்று வீட்டில் கேட்டார். வீட்டில் பெரிய பூகம்பம்! தாயார் அழுதார், தமக்கை மயங்காத குறை. அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஆஸ்பத்திரித் தாதி என்றால் படிப்பில்லாதவள், குடிக்கிறவள் என்றுதான் பெயர். மானமுள்ள குடும்பத்துப் பிள்ளை போகிற இடமல்ல அது என்றார்கள்.

அன்பான பெற்றோரே, இதை வாசிக்கும்போது எங்கடை வீடுகளின் ஞாபகம் வரவில்லையா? பிள்ளை டொக்டராக வேணும், இல்லாவிட்டால் இஞ்சினியராக வேணும். தாதி வேலை என்றால், மற்றச் சனத்தின்ரை ஊத்தை துடைக்கவோ உன்னை இவ்வளவு பாடுபட்டு வளர்த்தது என்று கேட்கிறோம். ஒரு லட்சாதிபதியின் மகளுக்கு 175 வருடத்துக்கு மேல் முன்னர் கிடைத்த அதே பதில்!

அவர் சண்டை பிடிக்கவில்லை, விட்டுக்கொடுக்கவும் இல்லை. விடிய முன்னர் எழும்பி, மெழுகுதிரி வெளிச்சத்தில் ஆஸ்பத்திரி அறிக்கைகளை வாசித்துக் குறிப்பெடுத்தார். நல்ல இடத்தில் இருந்து வந்த கலியாணப் பேச்சையும் வேண்டாம் என்றார். 1851 இல், 31 வயதில், ஜேர்மனியில் றைன் நதிக்கரையில் உள்ள கைசர்ஸ்வேர்த் என்ற இடத்தில் மூன்று மாதம் பயிற்சி பெற்றார். அந்த இடம் இன்று டுசுல்டோர்ப் நகரத்துக்குள் இருக்கிறது.

1853 இல் அவர் வந்தது எங்கடை பாரிசுக்கு. மேரி கிளார்க் என்ற நெருங்கிய சிநேகிதியின் வீட்டில் தங்கி, அனுமதி எடுத்து, பாரிஸ் ஆஸ்பத்திரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எத்தனை கட்டில், எத்தனை தாதி, எத்தனை சாவு என்று அட்டவணை போட்டு எழுதினார். கன்னியர் மடத்துச் சகோதரிகளோடு சேர்ந்து வேலை பழகத் தொடங்கிய நேரத்தில் அவருக்கே சின்னமுத்து வந்து படுக்க வேண்டியதாயிற்று.

லாச்சப்பலுக்குச் சாமான் வாங்க வருகிறவர்கள் எல்லாருக்கும் லாரிபுவாசியேர் ஆஸ்பத்திரி தெரியும். கார் து நோர் நிலையத்துக்குப் பக்கத்தில், எங்கடை கடைத்தெருவிலிருந்து கால்நடைத் தூரம். எத்தனையோ எங்கடை குழந்தைகள் பிறந்த இடம். 1854 இல் திறக்கப்பட்ட அந்த ஆஸ்பத்திரியில், நடு முற்றத்தின் இரண்டு பக்கமும் தனித்தனிக் கட்டடங்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு வாட்டுக்கும் இரண்டு பக்கமும் யன்னல் வைத்து, காற்றும் வெளிச்சமும் வரக்கூடியதாகக் கட்டியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிகளை எப்படிக் கட்டவேணும் என்று நைட்டிங்கேல் எழுதிய புத்தகத்தில் இந்தக் கட்டட முறையைப் பாராட்டி உதாரணமாகக் காட்டினார். 1871 இல் லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் எழும்பிய புதிய சென்ற் தோமஸ் ஆஸ்பத்திரியும் இதே முறையில் கட்டப்பட்டதுதான்.

பாரிசிலிருந்து திரும்பியதும், லண்டனில் ஹார்லி வீதியில் நோயுற்ற பெண்களுக்கான ஒரு சிறிய ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பாளரானார். அடுத்த வருடமே கிறிமியாப் போர் வந்தது. காயப்பட்ட ஆங்கிலச் சிப்பாய்கள் பராமரிப்பாரின்றிச் சாகிறார்கள் என்று பத்திரிகைகள் எழுத, அரசாங்கம் அவரைக் கேட்டது. 38 தாதியரோடு 1854 நவம்பர் 4 ஆம் திகதி துருக்கியின் ஸ்குட்டாரிக்குப் போய்ச் சேர்ந்தார். இன்றைய இஸ்தான்புல் நகரத்தின் ஒரு பகுதி அது.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நாங்கள் எல்லாரும் கேட்டு வளர்ந்தோம். துணி துவைத்தார், நல்ல சாப்பாடு கொடுத்தார், இரவிலே விளக்கோடு சுற்றி வந்தார். எல்லாம் உண்மை. ஆனால் அந்த மாரிகாலத்தில் சாவு குறையவில்லை. 1855 பெப்ரவரியில் ஆஸ்பத்திரிக்கு வந்த நூறு பேரில் 42 பேர் என்ற கணக்கில் செத்தார்கள். காயத்தால் செத்தவர்களை விட வயிற்றோட்டத்தாலும் காய்ச்சலாலும் செத்தவர்கள்தான் அதிகம். ஆஸ்பத்திரிக்குக் கீழே கழிவுக் கால்வாய் அடைபட்டுக் கிடந்தது. மார்ச் மாதம் ஒரு சுகாதாரக் குழு வந்து அதைத் துப்புரவாக்கி, காற்றோட்டத்துக்கும் வழி செய்தது. யூன் மாதத்தில் அந்த 42 ஏறக்குறைய 2 ஆகிவிட்டது.

1856 இல் திரும்பி வந்த பிறகு, இந்தக் கணக்குகளை எல்லாம் மேசையில் பரப்பி வைத்து ஆராய்ந்தார். புள்ளிவிபர நிபுணர் வில்லியம் பார் அவருக்கு உதவி செய்தார். எத்தனை பேர் எதனால் செத்தார்கள் என்பதை நிறம் தீட்டிய வட்டப் படமாக வரைந்து, படிக்கத் தெரியாதவனுக்கும் விளங்கக்கூடியதாக அரசாங்கத்தின் முன் வைத்தார். 1858 இல் லண்டன் புள்ளிவிபரச் சங்கம் அவரை உறுப்பினராகச் சேர்த்தது. அங்கே சேர்க்கப்பட்ட முதல் பெண் அவர்தான்.

அந்த ஆராய்ச்சியில் அவர் கண்டது என்ன? அன்பு மட்டும் ஆளைக் காப்பாற்றாது. கண் பார்க்கப் பழகவேணும், கை செய்யப் பழகவேணும், மனம் கணக்கு வைக்கப் பழகவேணும். அதற்குப் பள்ளிக்கூடம் வேணும்.

போர்க்காலத்தில் சனம் அவர் பெயரில் சேர்த்த சுமார் 45,000 பவுண் காசு இருந்தது. அதை வைத்து 1860 இல் சென்ற் தோமஸ் ஆஸ்பத்திரியில் தாதியர் பள்ளியைத் தொடங்கினார். முதலில் சேர்ந்தவர்கள் 15 பேர். பயிற்சி ஒரு வருடம். தங்க இடம், சாப்பாடு, சீருடை எல்லாம் இலவசம். கைச்செலவுக்கு 10 பவுணும் கொடுத்தார்கள். காசில்லாத வீட்டுப் பெண்ணும் ஒரு தொழிலோடு வெளியே போகக்கூடிய வழி அது. ஒவ்வொரு மாணவியும் எதை எதைச் செய்யப் பழகிவிட்டாள் என்று மாதாமாதம் ஒரு பதிவேட்டில் எழுதினார்கள். இன்றைக்கு என்னோடு வேலை பழக வருகிற மாணவரின் பயிற்சிப் புத்தகத்தில் நான் கையெழுத்து வைக்கும்போது, இந்தப் பதிவேட்டை நினைத்துக் கொள்வேன்.

ஆனால் பள்ளியைத் திறந்து வைத்தவுடன் எல்லாம் சரியாகவில்லை. கிறிமியாவில் பிடித்த காய்ச்சல் அவரைப் பல வருடம் படுக்கையில் போட்டிருந்தது. பத்து வருடம் கழித்து ஆராய்ந்து பார்த்தபோது, விரிவுரைகள் ஒழுங்காக நடக்கவில்லை, மாணவியர் படிப்பதை விட ஆஸ்பத்திரி வேலைக்குத்தான் கூடுதலாகப் பயன்படுகிறார்கள் என்று தெரிந்தது. அவர் மனம் உடைந்து போய் இருக்கவில்லை. மாணவியர் விடுதியிலேயே இருந்து படிப்பிக்க ஒரு சகோதரியை நியமிக்கச் செய்தார். மாணவியரை ஒவ்வொருவராகத் தன் வீட்டுக்குத் தேநீருக்கு அழைத்து, என்ன படித்தாய், எங்கே கஷ்டப்படுகிறாய் என்று விசாரித்தார். அவர்கள் போன பிறகு ஒவ்வொருவரைப் பற்றியும் குறிப்பு எழுதி வைத்தார். 1872 முதல் ஏறக்குறைய 30 வருட காலம் மாணவியருக்குப் பொதுக் கடிதங்கள் எழுதினார். படிப்பு முடித்துத் தூர இடங்களுக்குப் போனவர்களுக்கும் கடிதமும் பூவும் சாப்பாட்டுக் கூடையும் போகும். ஆரம்பித்தவர்களை அந்தரத்தில் விடக்கூடாது என்பது அவருடைய கொள்கை.

அந்தப் பிள்ளைகள் உலகமெங்கும் போனார்கள். அக்னஸ் ஜோன்ஸ் 1865 இல் லிவர்பூலில் ஏழைகளின் ஆஸ்பத்திரியை ஏற்றெடுத்தார். அங்கேயே நச்சுக் காய்ச்சல் தொற்றி 1868 இல் 35 வயதில் இறந்தார். அதே 1868 இல் லூசி ஒஸ்பேர்ன் ஐந்து தாதியரோடு சிட்னிக்குப் போய்ச் சேர்ந்தார். அமெரிக்காவின் லிண்டா றிச்சார்ட்ஸ் 1877 இல் லண்டன் வந்து பார்த்துப் பழகிப் போய், பின்னர் யப்பானிலும் தாதியர் பள்ளி தொடங்கினார்.

இந்தியாவுக்கு நைட்டிங்கேல் ஒருநாளும் போனதில்லை. ஆனால் 1859 முதல் அங்கேயுள்ள ஒவ்வொரு படை முகாமுக்கும் கேள்விப் பத்திரம் அனுப்பி விபரம் எடுத்தார். ஆயிரத்துக்கு 69 ஆக இருந்த ஆங்கிலச் சிப்பாய்களின் சாவு, சுகாதாரச் சீர்திருத்தங்களுக்குப் பிறகு சுமார் 18 ஆகக் குறைந்தது. பிறகு கிராமத்துச் சனங்களின் பக்கம் திரும்பி, 1876 - 78 சென்னைப் பஞ்சத்தைப் பற்றியும் நீர்ப்பாசனத்தைப் பற்றியும் எழுதினார்.

அவர் காலத்தில் எங்கடை மானிப்பாயிலும் ஒருவர் இதே எண்ணத்தோடு இருந்தார். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், எங்கடை இளைஞருக்கு மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்து, தமிழிலே வைத்திய நூல்களும் ஆக்கினார். விளங்கிப் படிக்கிறவன் எந்த மொழியிலும் சோதனை எழுதுவான். என்னிடம் வருகிற பிள்ளைகளுக்கும் உடற்கூற்றை முதலில் தமிழில் விளங்கப்படுத்தினால் பிரெஞ்சுச் சொல் பிறகு தானாக ஏறுகிறது.

இந்தக் கதையில் மறைக்கக்கூடாத ஒன்றும் உண்டு. ஜமேக்காவில் பிறந்த மேரி சீகோல் என்ற கறுப்பினப் பெண்ணும் கிறிமியாவுக்குத் தாதியாகப் போக விண்ணப்பித்தார். எடுக்கவில்லை. அவர் தன் சொந்தச் செலவில் போய், போர்க்களத்துக்குப் பக்கத்தில் விடுதி நடத்திக் காயக்காரரைப் பராமரித்தார். 2016 இல் சென்ற் தோமஸ் ஆஸ்பத்திரி வளவிலேயே அவருக்குச் சிலை வைத்தார்கள். கதவு எல்லாருக்கும் ஒரே நேரத்தில் திறப்பதில்லை என்பதை அகதிகளாக வந்த எங்களுக்கு வேறு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

பிரான்சில் வைத்தியர் பூர்ண்வில் 1878 இல் பாரிஸ் ஆஸ்பத்திரிகளில் தாதியர் வகுப்புகளைத் தொடங்கினார். போர்தோ நகரத்தில் வைத்தியர் அன்னா ஹமில்டன் நைட்டிங்கேலின் முறையில் பள்ளி நடத்தினார். அந்தப் பள்ளிக்கு நைட்டிங்கேலின் பெயரையே வைத்தார்கள். 1922 இல் பிரெஞ்சு அரசு தாதியருக்கென்று அரச தகுதிப் பத்திரம் ஏற்படுத்தியது.

இன்று பிரான்சில் தாதிக் கல்வி மூன்று வருடம். ஏறக்குறையப் பாதிக் காலம் ஆஸ்பத்திரிகளில் வேலை பழகுவது. பல்கலைக்கழக லிசான்ஸ் பட்டத்துக்குச் சமமான தகுதி. பக் சோதனை எடுக்கிற பிள்ளைகள் பார்கூர்சுப் வழியாக விண்ணப்பிக்கலாம். சில வருடம் வேலை செய்து சமூகக் காப்புக்குக் காசு கட்டியவர்களுக்குத் தனி வழி உண்டு. தாதி உதவியாளராகத் தொடங்கி மேலே போகலாம். உணவகச் சமையலறையில் இருந்து வந்தவர்களும் படிக்கலாம். ஆண்பிள்ளைகளும் தாராளமாக வரலாம்.

நைட்டிங்கேல் 1910 ஓகஸ்ட் 13 ஆம் திகதி லண்டனில் காலமானார். வெஸ்ற்மின்ஸ்ரர் தேவாலயத்தில் அடக்கம் செய்யும் மரியாதையைக் குடும்பத்தார் ஏற்கவில்லை. கிராமத்துக் கல்லறையில், கல்லிலே பெயரின் முதலெழுத்துகளும் பிறந்த இறந்த விபரமும் மட்டும்தான்.

சித்திரைப் புத்தாண்டு முடிந்து நாலு கிழமையில் மே 12 வரும். அவர் பிறந்த அந்த நாளைத்தான் உலகத் தாதியர் தினமாகக் கொண்டாடுகிறோம். எங்கடை சமூகத்தில் ஏற்கெனவே ஆஸ்பத்திரிகளில் வேலை செய்கிற தம்பி தங்கச்சிமாரே, ஆளுக்கு ஒரு பிள்ளையைப் பொறுப்பெடுங்கள். விண்ணப்பம் நிரப்பவும், பயிற்சியில் முதல் மாதத்தைத் தாண்டவும் பக்கத்தில் நில்லுங்கள். பெற்றோரே, பிள்ளை வந்து தாதிப் படிப்புக்குப் போகப்போகிறேன் என்று கேட்டால் முகத்தைச் சுழிக்காமல் ஓம் சொல்லுங்கள்.

எல்லோருக்கும் இனிய புத்தாண்டு வாழ்த்துக்கள்.