பறிபோன சன்னது

ஒட்டப்பிடாரத்தில் 1872 செப்டம்பர் 5ஆம் நாள் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை, தந்தை உலகநாதரைப் பின்பற்றி வக்கீல் தொழிலை மேற்கொண்டார். எளியோர் சார்பில் நின்று குற்றவழக்குகளை நடத்தியதால் காவல்துறையினரின் பகை மூண்டது; 1900இல் தந்தையார் அவரைத் தூத்துக்குடிக்கு அனுப்பிவைத்தார். அங்கே 1906இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியும் 1908இன் கோரல் ஆலை வேலைநிறுத்தமும் நாடறிந்தவை.

1908 ஜூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே அவருக்கு இரண்டு ஆயுள் தண்டனைகளை விதித்தார். அரசுக்கு எதிராகப் பேசியதற்கு ஒன்று. சுப்பிரமணிய சிவாவுக்குத் துணைநின்றதற்கு மற்றொன்று. அவ்வாண்டிலேயே பாரதியார் புதுவைக்கு வந்து சேர்ந்தார். பிரெஞ்சுக் கொடியின் நிழல் கவிஞரைக் காத்தது. எல்லைக்கு அப்பால் நின்ற நண்பர் கோவைச் சிறையில் செக்கிழுத்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைய, 1912 டிசம்பரில் கண்ணனூர்ச் சிறையிலிருந்து வெளிவந்தார்.

சிறைவாசம் முடிந்தது, தண்டனை முடியவில்லை. வக்கீல் சன்னது பறிக்கப்பட்டிருந்தது. ஒழுக்கக்குறையைக் காட்டும் குற்றத்திற்காகத் தண்டனை பெற்ற வக்கீலை நீக்கும் அதிகாரத்தை 1879ஆம் ஆண்டுச் சட்டம் உயர்நீதிமன்றத்திற்கு அளித்திருந்தது. கட்சிக்காரரின் பணத்தைக் கையாடியவனையும் பொய்ப்பத்திரம் புனைந்தவனையும் விலக்க இத்தகைய விதி வேண்டியதே. சிதம்பரனாரிடம் கண்ட ஒழுக்கக்குறைதான் யாது? 1922இல் காந்தியடிகள் தண்டனை பெற்றபோதும் லண்டன் இன்னர் டெம்பிள் அவர் பெயரை நீக்கியது. 1988இல்தான் மீண்டும் சேர்த்துக்கொண்டது. காந்தியடிகள் அத்தொழிலை முன்னரே துறந்தவர். சிதம்பரனாருக்கோ வீட்டில் உலையேற அது வேண்டியிருந்தது.

சென்னையில் மண்ணெண்ணெய் விற்றார், கடன்பட்டார். அவ்வறுமையின் நடுவிலேதான் குறளின் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் எழுதிய உரையை 1917இல் பதிப்பித்தார்; தம் வரலாற்றையும் அகவலாக யாத்தார். பதிப்பாசிரியர் என்ற நிலையில் அவருடைய பெருமை இன்னும் முழுதும் உணரப்படவில்லை.

பின்னர் வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் சன்னது மீண்டது. அந்நன்றி மறவாது தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். ஆங்கிலேயரின் கப்பல் வாணிகத்தை எதிர்த்தவர் ஆங்கிலேயர் ஒருவரின் பெயரை இல்லத்தில் நாளும் அழைத்தார்! இதை முரண் என்போர் அவர் உள்ளத்தை அறியாதவர்.

கோவிற்பட்டியிலும் தூத்துக்குடியிலும் மீண்டும் வக்கீலாகப் பணிபுரிந்தார். 1936 நவம்பர் 18ஆம் நாள் மறைந்தார். அதற்குச் சிலநாள் முன்னர் எழுதிய உயிலில், கடைக்காரர்களுக்குத் தாம் தரவேண்டியிருந்த கடன்களை மறவாமல் குறித்துவைத்திருந்தார்.