தர்மத்துக்கு முன்னாடி கூலி



உலகிலேயே மிகச் சிறிய நாடு வத்திக்கான். ரோம் நகருக்குள்ளேயே இருக்கிறது. பரப்பளவு சுமார் 109 ஏக்கர்தான். எங்க ஊர் ஏரியே அதைவிடப் பெரிசு! கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவரான போப்பாண்டவர்தான் அந்த நாட்டுக்கும் தலைவர். அவர்களில் எனக்குப் பிடித்தவர் 23ஆம் ஜான்.

இவர் 25.11.1881 அன்று இத்தாலியில் ஒரு கிராமத்தில் பிறந்தார். வாரத்துக்கு உழுத குடும்பம். மொத்தம் 13 பிள்ளைகள். 28.10.1958 அன்று, 76 வயதில் போப் ஆனார். வயசானவர், சும்மா இருப்பார்னு பலர் நினைச்சாங்க. ஆனால் அந்த வருடக் கிறிஸ்துமஸ் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் நோயாளிக் குழந்தைகளைப் பார்த்தார். மறுநாள் சிறைக்குப் போய்க் கைதிகளைப் பார்த்தார்.

வத்திக்கானில் பூசை மட்டும் நடப்பதில்லை. தோட்டக்காரர், துப்புரவுப் பணியாளர், தபால் ஊழியர் எல்லாரும் உண்டு. ஜான் அவங்களோடு நின்று பேசுவார். சம்பளம் குடும்பத்துக்குப் பத்தவில்லை என்று தெரிந்ததும் உயர்த்தினார். தர்ம காரியத்துக்குப் பணம் குறையுமே என்றார்கள். குறைந்தாலும் பரவாயில்லை, நியாயமான கூலிதான் முதலில் என்று சொல்லிவிட்டார்.

எங்க அம்மா களை எடுக்கப் போறாங்க. திருவிழாவில் அன்னதானம் போடுறவங்களே கூலியில் பத்து ரூபாய் பிடிச்சுக்கறதைப் பார்த்திருக்கேன். அதனாலதான் இவரைப் பற்றி எழுதினேன்.

3.6.1963 அன்று ஜான் இறந்தார். 2014இல் புனிதர் பட்டம் கொடுத்தார்கள்.

தோழிகளே, நம்ம வீட்டு வேலைக்கு யாராவது வந்தால் முதலில் முழுக் கூலியைக் கொடுக்கச் சொல்வோம். உண்டியலில் அப்புறம் போடலாம்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி