காட்டுத்தீ வீரர்களின் கையில் இருக்கும் ‘புலாஸ்கி’... யார் இவர்?

காட்டுத்தீ என்றதும் ஹெலிகாப்டர் தண்ணீர் கொட்டும் வீடியோதான் நம் ஞாபகத்துக்கு வரும். ஆனால், தரையில் நிற்கும் வீரர்களின் முக்கிய வேலை மண்ணைக் கொத்துவது. எரியக்கூடிய சருகு, வேர், புதர் எல்லாவற்றையும் அகற்றி, வெறும் மண் தெரியும்படி ஒரு பாதை போடுவார்கள். இதுதான் தீத்தடுப்புக் கோடு. இதற்கு அமெரிக்காவின் மத்திய, மாநில வனத்துறை வீரர்கள் இன்றும் பயன்படுத்தும் கருவியின் பெயர் ‘புலாஸ்கி’. ஒரு பக்கம் கோடாலி, மறுபக்கம் மண்ணைக் கொத்தும் அலகு.

அது ஒரு மனிதரின் பெயர்!

யார் இந்த புலாஸ்கி?

எட் புலாஸ்கி, ஒஹையோவில் பிறந்தவர். இளம் வயதிலேயே மேற்கே கிளம்பி சுரங்கம், கொல்லுப்பட்டறை, பண்ணை எனக் கிடைத்த வேலையை எல்லாம் பார்த்தார். 1908-ல், 40 வயதைக் கடந்த பிறகு, ஐடஹோ மாநிலத்தின் வாலஸ் ஊரில் அமெரிக்க வனத்துறையில் ரேஞ்சராகச் சேர்ந்தார்.

1910-ல் என்ன நடந்தது?

அந்த ஆண்டு கடும் வறட்சி. ஆகஸ்ட் 20-ம் தேதி வீசிய சூறைக்காற்றில், ஆங்காங்கே எரிந்துகொண்டிருந்த தீ எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. இரண்டே நாளில் ஐடஹோ, மொன்டானா பகுதிகளில் சுமார் 30 லட்சம் ஏக்கர் காடு சாம்பலானது. 80-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பெரும்பாலானவர்கள் தீயணைக்கப் போனவர்கள்.

புலாஸ்கியுடன் சுமார் 45 பேர் காட்டுக்குள் சிக்கிக்கொண்டார்கள். பழைய சுரங்கம் ஒன்று பக்கத்தில் இருப்பது அவருக்குத் தெரியும். எல்லோரையும் அதற்குள் அழைத்துப் போனார். பயத்தில் ஒருவர் வெளியே ஓடப் பார்க்க, துப்பாக்கியை எடுத்து, யார் வெளியேறினாலும் சுடுவேன் என்று மிரட்டினார். வாசலில் ஈரப் போர்வைகளைக் கட்டித் தொங்கவிட்டு, மயங்கி விழும்வரை தீயோடு போராடினார். உள்ளே சிலர் இறந்தார்கள். ஆனால், சுமார் 40 பேர் உயிரோடு வெளியே வந்தார்கள்.

அப்புறம்?

புலாஸ்கியின் கண்ணும் நுரையீரலும் பாதிக்கப்பட்டன. சிகிச்சைச் செலவுக்கு அரசிடம் கேட்டார், கிடைக்கவில்லை. தன் அனுபவத்தை எழுதி, 1923-ல் ஒரு பத்திரிகைப் போட்டியில் வென்ற 500 டாலரைத்தான் கண் சிகிச்சைக்குப் பயன்படுத்தினார். இறந்த தொழிலாளர்களின் கல்லறைகளைத் தானே பராமரித்தார். அவர்களுக்கு நினைவுச்சின்னம் வேண்டும் என்று அரசுக்குத் தொடர்ந்து எழுதினார்.

இந்தக் காலத்தில்தான், தன் பட்டறையில் அந்தக் கருவியை மெருகேற்றினார். இதேபோன்ற கருவிகள் முன்பே இருந்தன. ஆனால், காட்டுத்தீ வேலைக்குக் கச்சிதமாகப் பொருந்தியது இவருடைய வடிவம்தான். கோடாலி, மண்வெட்டி என இரண்டைத் தூக்கிக்கொண்டு மலையேற வேண்டியதில்லை, ஒன்றே போதும். அதனால் அவருக்குப் பணம் வந்ததா என்றால், இல்லை.

அந்தத் தீ எதை மாற்றியது?

1911-ல் வந்த வீக்ஸ் சட்டம், காட்டுத்தீ தடுப்புக்கு மாநிலங்களுக்கு மத்திய நிதி கிடைக்க வழிசெய்தது. இன்னொரு பக்கம், எந்தத் தீயையும் உடனே அணைத்தே ஆக வேண்டும் என்ற கொள்கையும் வலுத்தது. இதனால் பல காடுகளில் சருகும் புதரும் குவிந்து, பின்னாளில் தீ இன்னும் மூர்க்கமாக எரியக் காரணமானது என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

1931-ல் புலாஸ்கி இறந்தார். வாலஸ் அருகே அந்தச் சுரங்க வாசல் இன்றும் இருக்கிறது. அங்கே நடந்துபோய்ப் பார்க்கப் பாதையும் உண்டு.